முதலில் மாற்ற வேண்டியது ஈமெயில் பாஸ்வேர்ட்

கல்லடியில் நான் நடத்தும் கொம்யூனிகேஷன் கடைக்கு வருபவர்களில் பலர் பேஸ்புக், ஜீமெயில், வங்கி அப் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்திருக்கிறார்கள். "என்னட்டக் களவெடுக்க என்ன மனே இருக்கு?" என்று கேட்கிற மாமிமாரும் உண்டு. மகன் கட்டாரிலிருந்து அனுப்பும் காசு வந்து விழுவது அந்த அப்பில் தெரிகிற கணக்கில்தான்.

களவு உங்கள் போனில்தான் தொடங்கும் என்றில்லை. ஏதோ ஒரு தளத்திலிருந்து ஈமெயிலும் பாஸ்வேர்டும் வெளியே போனால், கள்ளர் அதே சோடியை மற்றத் தளங்களிலும் மென்பொருளால் போட்டுப் பார்ப்பார்கள். 2012இல், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் ட்ரொப்பொக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வேறு தளத்திலும் பாவித்த பாஸ்வேர்ட் களவுபோய், அதைக் கொண்டே உள்ளே புகுந்தார்கள். 6 கோடி 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளின் விபரம் போயிருந்தது 2016இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே சொல்லின் பின்னால் 123, 456 என்று மாற்றிப் போடுவதும் காப்பாற்றாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வெளிக்கிட்டால் களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். இன்று ஈமெயிலின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அமத்தினால் லிங்க் வருவது பெரும்பாலும் அங்கேதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு வேண்டாம். நாளைக்கு வங்கி, பிறகு பேஸ்புக். மிச்சத்தைப் பிட்வோர்டன் போன்ற பாஸ்வேர்ட் மனேஜரிடம், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்து வைக்கும் அப்பிடம் விடலாம், அது இலவசமாகவும் கிடைக்கிறது. அது சரிவராதவர்கள் கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது இருபடிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டைப் போட்ட பிறகு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பது. நம் ஊர்க்காரர் இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாடு போனதும் இங்கத்தைய சிம் ரீலோட் இல்லாமல் செத்துப்போகும். அந்த நம்பர் பிறகு வேறு யாருக்காவது போகலாம். கணக்கில் பழைய நம்பரே கிடந்தால் குறியீடு அவர் கைக்குப் போகும். ஆகவே பயணத்துக்கு முன்னமே நம்பரைப் பாருங்கள், முடிந்தால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஒதென்டிகேட்டர் அப்பைப் போடுங்கள். போன் கையில் இல்லாத நேரத்துக்கென்று கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் கடதாசியில் எழுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கும் ஃபைலுக்குள் வையுங்கள்.

என் கடை உட்பட எந்தக் கடைக் கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டை 'சேவ்' பண்ண வேண்டாம். முன்பு பண்ணியிருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாததை வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.