பள்ளத்தாக்கில் குழந்தைகளோடு கூடாரம் போடுகிறீர்களா?

பள்ளத்தாக்கு முகாமில் எல்லாருக்கும் ஆற்றங்கரைதான் முதலில் கண்ணில் படும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி அடிவாரத்தில் தேங்கும். கொஞ்சம் மேலே, சரிவில் சமதளமாக இருக்கும் திட்டில் படுத்தால் குளிரும் பனி ஈரமும் தெளிவாகக் குறையும். இன்னொன்று, மலை உச்சியில் பெய்யும் மழை உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே ஆற்றில் வெள்ளமாக வந்துவிடும். தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளி, கரையை விட உயரமாக இருங்கள். ஆற்றின் இரைச்சலில் குழந்தை கூப்பிட்டால் கேட்காது என்பதும் எனக்குப் பெரிய காரணம்.

கூடாரத்தின் வாசலைக் கிழக்குப் பக்கம் வைப்பார்கள். ஆனால் கிழக்கே உயரமான மலை இருந்தால் வெயில் வர நேரமாகும். அதனால் போனதும் எந்தச் சரிவில் முதல் வெளிச்சம் விழும் என்று முகாம்காரரிடம் கேளுங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், போர்வையை விட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். உடம்புச் சூட்டைத் தரை நிறையவே உறிஞ்சிவிடும். பிள்ளைகளுக்கு இரண்டு அடுக்காக விரியுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.