கிளைடரின் இறங்கும் வேகம்: எண்கள் ஒத்துவர நான் செய்தது

என் ரேடியோ கண்ட்ரோல் கிளைடரை (சறுக்கிப் பறக்கும் மாதிரி விமானம்) மன்னார்குடி பக்கம், சம்பா அறுவடை முடிந்த வயல்களின் மேல் பறக்கவிட்டு, அது இறங்கும் வேகத்தை அளக்கிறேன். (தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் போவதில்லை.) ஒரே வேகம், ஒரே எடை, ஆனாலும் லாகர் (உயரத்தையும் வேகத்தையும் பதிவு செய்யும் கருவி) ஒரு முறை விநாடிக்கு 0.3 மீட்டர் இறக்கம் என்றது, இன்னொரு முறை 0.9.

முதல் காரணம் வெயில். வெயில் ஏறியதும் காய்ந்த வயல் சூடாகி வெப்பக் காற்று எழும்புகிறது. அதைச் சுற்றி காற்று கீழே இறங்குகிறது. அதனால் விடிந்ததும், பனி ஈரம் காயும் முன்பே பறக்கவிட ஆரம்பித்தேன். சிதறலில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

மீதிதான் சுவாரசியம். வேகம் குறையும்போது கிளைடர் அந்த ஆற்றலை உயரமாக மாற்றிக்கொள்ளும். விநாடிக்கு 12 மீட்டரிலிருந்து 10-க்கு வந்தாலே சுமார் 2.2 மீட்டர் உயரம் கிடைத்துவிடும். 20 விநாடி அளவீட்டில் அதுவே விநாடிக்கு 0.11 மீட்டர் பிழை. எனவே வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இன் இரு மடங்கு) வகுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தோடு கூட்டினேன். அந்த மொத்தம் குறையும் வீதமே உண்மையான இறக்கம். வேகத்தை மட்டும் ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்காதீர்கள், அது தரைவேகம். காற்றை ஒட்டிய வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் கண்டிப்பாக வேண்டும்.

அப்புறம் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர் சென்சார் மேல் கறுப்பு ஸ்பாஞ்ச் வைத்தேன். சில சிப்களில் வெளிச்சம் பட்டாலே அளவு மாறும்.

இப்போது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறக்கம் 0.6-ஐ ஒட்டியே வருகிறது, அதாவது சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னே போகும் தூரம்) 17-க்குப் பக்கம். அடுத்து ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடக்குப் பலகை) இரண்டு டிகிரி இறக்கி இதே அளவை எடுக்கப் போகிறேன்.