செரோக்கி மருத்துவச்சி மரபை மீட்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் பழைய பிரசவ முறைகளைக் கற்கப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தெல்லாம் திரும்ப நடக்கிறது. கை கழுவு, ரத்த அழுத்தம் பார் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

நீலக் கோஹோஷ் கஷாயம்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வலி சீக்கிரம் எடுக்கட்டும் என்று கடைசி மாதத்தில் இந்தக் காட்டுச் செடியின் வேரைக் காய்ச்சிக் குடிப்பார்கள். கேட்டால் "பாட்டிமார் குடித்ததுதானே" என்பார்கள். வகுப்புக்கு வந்த நிறைமாதக்காரி ஒருத்தி கையில் காய்ந்த வேர்ப் பொட்டலம், மேலே வெறுமனே 'கோஹோஷ்' என்று எழுதியிருந்தது. நீலக் கோஹோஷா கறுப்புக் கோஹோஷா என்றேன், அவளுக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லையாம். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். காட்டில் குழப்பமே வராது, கறுப்பு ஆளுயரத்துக்கு வெள்ளைப் பூங்கதிர் விடும், நீலத்தில் நீல உருண்டை விதைகள்; ஆனால் வேரைக் காயவைத்து நறுக்கிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? நீலத்தில் இருக்கும் மெத்தில்சைட்டிசின் என்ற வேதிப்பொருள் நிகோட்டின் மாதிரி வேலை செய்யும். இந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு மாரடைப்பு வந்து, இதயம் செயலிழந்து, வாரக்கணக்கில் போராடிப் பிழைத்ததை 1998இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. வேரின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, சரி. எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது என்பது அதோடு வரவில்லையே!

மூனி புத்தகமே போதும் என்பது

செரோக்கி மந்திரங்களைத் தொகுத்த ஆய்வாளர் ஜேம்ஸ் மூனி 1891இல் அச்சிட்டது ஆண் வைத்தியர்களின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்தது. கணவன் பின்னால் தாங்கிப் பிடித்திருக்க, வைத்தியர் தாயின் உச்சந்தலையிலும் நெஞ்சிலும் உள்ளங்கைகளிலும் கஷாயம் ஊதுவார், மந்திரம் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்தி வெளியே வரவழைப்பார். பக்கத்தில் இருந்த பெண்ணின் கை வயிற்றில் எதைத் தடவிப் பார்த்தது என்று அதில் தேடாதீர்கள்.

பாட்டிமார் பேசவில்லை என்று கோபிப்பது

1976இல் அமெரிக்க அரசின் தணிக்கையே ஒப்புக்கொண்டது: பழங்குடிச் சுகாதாரத் துறையின் நான்கு வட்டாரங்களில் மட்டும் நான்கு ஆண்டுகளில் 3,406 கருத்தடை அறுவைகள், சம்மதம் வாங்கியதில் ஏகப்பட்ட குளறுபடி. அந்த நான்கில் செரோக்கி மக்கள் நிறைய வாழும் ஓக்லஹோமாவும் உண்டு. குறிப்பேட்டோடு ஒருத்தி வந்து கர்ப்பப்பை பற்றிக் கேட்டால் அவர்கள் ஏன் பேச வேண்டும்?

ஓக்லஹோமாவையும் வட கரோலினாவையும் ஒன்றாக்குவது

வேண்டாம். ஒரு பகுதியினர் ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டவர்கள், மலையிலேயே தங்கியவர்கள் வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கிகள்; தனித்தனிச் சமூகங்கள்.

ஸ்மோக்கி மலையில் வேர் தோண்டுவது

வட கரோலினாப் பக்கத்து அந்த மலை தேசியப் பூங்கா, அங்கே அது குற்றம். 2019இல் செடி பறிக்கக் கிடைத்த அனுமதி கிழக்குச் செரோக்கி மக்களுக்கு, அதுவும் சோச்சான் கீரைக்கு மட்டும்.