பழைய வழக்கு இருந்தால் பப் நடத்த முடியாதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பப் எடுத்து நடத்த ஆசைப்படுகிறவர்களில் சிலர், என்றோ வாங்கிய தண்டனையை நினைத்து விண்ணப்பப் படிவத்தையே தொடுவதில்லை. முதல் தவறு அதுதான். 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம் முக்கியமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்: குற்றம் அதன் பட்டியலில் இருக்கிறதா, தண்டனை காலாவதி ஆகிவிட்டதா, அதாவது குறிப்பிட்ட காலம் கழிந்து கணக்கில் எடுக்கத் தேவையில்லாததாகிவிட்டதா? திருட்டு, மோசடி, போதைப்பொருள், வன்முறை, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது எல்லாம் பட்டியலில் உண்டு.

மது விற்பனைக்குப் பொறுப்பேற்பவருக்கு பர்சனல் லைசென்ஸ் வேண்டும். ஒரு சிறு தேர்வு, 37 பவுண்டு கட்டணம், குற்றப்பதிவுச் சான்று. அந்தச் சான்று ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அவசரப்பட்டு அதை முதலில் வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் தேர்வுக்குப் படிக்க உட்காராதீர்கள். மதுவை வாங்கி வெளியே எடுத்துப்போக விற்கும், தமிழர்கள் நிறையப் பேர் நடத்தும் ஆஃப் லைசென்ஸ் கடைகளுக்கும் இதே லைசென்ஸ்தான்.

அதிகம் பேர் சறுக்குவது காலக்கணக்கில். 2023 அக்டோபரில் மாறிய விதிப்படி, ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனை முடிந்து 12 மாதத்தில் காலாவதி ஆகும். அதற்கு மேல் நான்கு ஆண்டு வரை என்றால் தண்டனை முடிந்து 4 ஆண்டு. தண்டனை முடிவது ஜெயில் கதவு திறந்த அன்று அல்ல. 18 மாதம் விதிக்கப்பட்டவர் 9 மாதத்தில் வெளியே வந்திருந்தாலும், அந்த 18 மாதமும் கழிந்த பிறகுதான் 4 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இன்னும் ஏமாற்றும். அபராதம் ஓராண்டில் காலாவதி ஆகும், சரி. ஆனால் டிரைவிங் லைசென்ஸில் ஏறிய குறிப்புக்கு 5 ஆண்டு. பெரியதுதான் செல்லும்.

காலாவதியானதைச் சொல்லத் தேவையில்லை. மனச்சாட்சிக்குப் பயந்து இருபது வருடத்துக்கு முந்தைய கதையைப் படிவத்தில் எழுதுவதும் தவறுதான். காலாவதி ஆகாததை மறைப்பதோ குற்றம். பொய் எழுதினால் வரம்பில்லா அபராதம் வரை போகலாம். வெளிநாட்டில் வாங்கிய தண்டனை பிரிட்டிஷ் சான்றில் வராமல் போகலாம். ஆனால் படிவத்தோடு தரும் உறுதிமொழி அதையும் கேட்கிறது.

சொன்னால் உடனே நிராகரிப்பு என்பதும் இல்லை. லைசென்ஸ் தரும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் போலீஸுக்குத் தெரிவிக்கும். போலீஸ் 14 நாளுக்குள் ஆட்சேபிக்கவில்லை என்றால் லைசென்ஸ் தந்தே ஆகவேண்டும். ஆட்சேபித்தால் கவுன்சிலர்கள் முன் விசாரணை. அங்கே போய் "நான் செய்யவே இல்லை" என்று பழைய வழக்கை மறுபடி வாதாடுவதுபோல் வீண் வேலை வேறில்லை. தண்டனைக்குப் பிறகு எங்கே வேலை செய்தீர்கள், முதலாளி என்ன எழுதித் தருகிறார் என்பதைக் கொண்டு போங்கள். தோற்றாலும் 21 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பப்பின் உரிமையாளரே பர்சனல் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வைத்திருக்கும் ஒருவரை மேற்பார்வையாளராகக் காட்டலாம். குற்றப்பதிவுச் சான்றும் (DBS) இந்த மேற்பார்வையாளர் பதவியும் (DPS) தமிழில் சுருக்கினால் ஒரே 'டி.பி.எஸ்.' ஆகிவிடுவதால், போனில் பேசும்போது எதைக் கேட்கிறார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மேற்பார்வையாளர் பினாமியாக இருக்கக்கூடாது. அன்றாடம் கடையைப் பார்த்துக்கொள்பவராக இருக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஒரு கடமை உண்டு. பட்டியலில் உள்ள குற்றத்துக்கு மறுபடி வழக்கு வந்தால், முதல் முறை மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும்போதே லைசென்ஸ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். தண்டனை கிடைத்தால் கவுன்சிலுக்கும் தெரிவிக்க வேண்டும். 2017 முதல் கவுன்சிலே லைசென்ஸை 6 மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், அடியோடு ரத்தும் செய்யலாம். கோர்ட்டுக்குப் போகும்போது லைசென்ஸைக் கையோடு கொண்டு போங்கள்.