கேம்ஷாஃப்ட் வாங்கும் முன்: லோப் செபரேஷன் எத்தனை டிகிரி?

செவர்லே 350 வி8 எஞ்சினுக்குக் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் சுழல் தண்டு) தேடினால், லோப் செபரேஷன் 106, 108, 110, 112, 114 என்று பல டிகிரிகளில் கிடைக்கும். லோப் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும், தண்டில் உள்ள மேடு. இன்டேக் (கலவை உள்ளே வரும் வால்வு) லோபின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) லோபின் உச்சிக்கும் இடையே உள்ள கோணம்தான் இது. இரண்டு லோபும் ஒரே தண்டில் இருப்பதால், வாங்கிய பிறகு இதை மாற்ற வழியில்லை. (இரட்டைக் கேம் எஞ்சினில் அட்ஜஸ்டபிள் கியர் போட்டு மாற்றலாம்.)

படி 1: வண்டிக்கு என்ன வேலை என்று எழுதுங்கள். தினசரி ஓட்டமா, டிராக் ரேஸா? பவர் பிரேக், டர்போ உண்டா?

படி 2: ஓவர்லாப் கணக்கு. எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அளவு இது. இரண்டு வால்வின் டியூரேஷனையும் (வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் டிகிரியில்) கூட்டி நாலால் வகுத்து, லோப் செபரேஷனைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். இரண்டு டியூரேஷனும் 270 என்றால், 110-க்கு 50 டிகிரி வரும். 106-க்கு 58, 114-க்கு 42.

இந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல ஆர்பிஎம்மில், வேகமாக வெளியேறும் புகை புதுக் கலவையையும் சேர்த்து இழுக்கும். ஐடிலிங்கில் அதே புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும். எஞ்சின் குலுங்கும், இன்டேக்கில் வேக்குவம் (உறிஞ்சும் விசை) குறையும், அதை நம்பி இயங்கும் பவர் பிரேக் கல்லாகிவிடும். கோணம் குறைந்தால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், நடு ஆர்பிஎம்மில் டார்க் எகிறும். ஆனால் உச்சியைத் தாண்டியதும் சட்டென்று விழும். கோணம் கூடினால் உச்சி சற்றுக் குறைந்தாலும் டார்க் பரவலாகக் கிடைக்கும்.

படி 3: தேர்வு. கார்புரேட்டரும் பவர் பிரேக்கும் உள்ள சாலை வண்டிக்கு 110 முதல் 112. ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு 112 முதல் 114. டர்போ இருந்தால் 112-க்குக் கீழே போக வேண்டாம். ஓவர்லாப் கூடினால் பூஸ்ட் காற்று எக்ஸாஸ்ட் வழியே வீணாகலாம். 106, 108 எல்லாம் எடை குறைந்த ரேஸ் வண்டிக்கு. அந்தத் தடதட ஐடிலிங் சத்தத்துக்காக மட்டும் 106 வாங்காதீர்கள், தினமும் ஓட்டும்போது வெறுத்துவிடும்.

படி 4: பொருத்தும்போது டிகிரி வீல் (கிராங்கில் மாட்டும், டிகிரி குறித்த வட்டு) வைத்துப் பாருங்கள். 110 கேமுடன் வரும் விவரக் கார்டில் இன்டேக் சென்டர்லைன் (பிஸ்டன் மேல் உச்சியைத் தாண்டி எத்தனை டிகிரியில் இன்டேக் லோபின் உச்சி வருகிறது என்பது) 106 என்றிருந்தால், அது 4 டிகிரி அட்வான்ஸ் செய்து, அதாவது வால்வுகள் அவ்வளவு முன்னதாகத் திறந்து மூடும்படி, கடைந்தது. கீழ் ஆர்பிஎம் டார்க்குக்கு அது உதவும். அப்புறம், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அளந்துவிடுங்கள். இன்டேக்கில் 0.080 அங்குலம், எக்ஸாஸ்டில் 0.100 அங்குலமாவது வேண்டும். கோணம் குறையக் குறைய இந்த இடைவெளியும் சுருங்கும்.