குளோரினில் எத்தனை நியூட்ரான்? 18.5 என்று எழுதாதீர்கள்

தனிம வரிசை அட்டவணையில் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் குறியீட்டோடு இரண்டு எண்கள் இருக்கும். சில அட்டவணைகளில் அணு எண் மேலே, சிலவற்றில் கீழே, அதனால் இடத்தை நம்பாதீர்கள். இரண்டில் சின்னது எதுவோ அதுதான் அணு எண், பெரியது அணு நிறை. இது மட்டும் பிடிபட்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

அணு எண் என்றால் உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. 11 இருந்தால் சோடியம், 12 ஆனால் மெக்னீசியம், அதில் பேரத்துக்கே இடமில்லை. ஆர்கானின் நிறை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10, ஆனாலும் அட்டவணையில் ஆர்கான்தான் முதலில் வரும், ஏனென்றால் அதற்கு 18 புரோட்டான், பொட்டாசியத்துக்கு 19. நிறையை வைத்து அடுக்கினால் வரும் இந்தக் குழப்பத்தை 1913இல் மோஸ்லி என்ற இயற்பியலாளர் எக்ஸ் கதிர்களை வைத்துத் தீர்த்தார்.

சரி, எண்ண ஆரம்பிக்கலாம். உட்கருவில் புரோட்டானோடு மின்சுமை இல்லாத நியூட்ரானும் இருக்கும், இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டினால் வருவது நிறை எண். அட்டவணையில் உள்ள நிறை பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் அதிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான். சோடியத்தின் நிறை 22.99, முழு எண்ணாக்கினால் 23, அதில் 11 போனால் 12 நியூட்ரான். மின்சுமை இல்லாத அணு என்பதால் எலக்ட்ரானும் 11. எலக்ட்ரானின் எடை புரோட்டானில் சுமார் 1836இல் ஒரு பங்குதான், அதனால் நிறைக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை.

இதே வேகத்தில் குளோரினுக்குப் போனால்தான் சிக்கல். நிறை 35.5, அணு எண் 17, கழித்தால் 18.5! அரை நியூட்ரான் எங்கே இருக்கிறது? 35.5 என்பது தனி ஓர் அணுவின் நிறை இல்லை, சராசரி. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நான்கில் மூன்று பங்கு நிறை எண் 35 உள்ளது, மீதி 37 உள்ளது. முதல் வகையில் 18 நியூட்ரான், அடுத்ததில் 20. இவைதான் ஐசோடோப்புகள். கேள்வியில் நிறை எண் கொடுத்திருந்தால் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம், அதையே எடுத்துக் கழியுங்கள்.

அடுத்து அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணு. பிளஸ் குறியைப் பார்த்ததும் கை தானாகவே எலக்ட்ரானைக் கூட்டப் போகும், நானும் அப்படிப் போட்டு மதிப்பெண்ணை விட்டவன்தான். எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது, அது வெளியே போனால்தான் பிளஸ் வரும். சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான், குளோரைடு அயனியில் 18. புரோட்டானைத் தொடவே கூடாது.

அப்புறம் எலக்ட்ரான்களை உட்கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் அடுக்குவது. முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 8. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. ஒன்றுக்கு ஒன்று அதிகம், இன்னொன்றுக்கு ஒன்று குறைவு, அந்த ஒரு எலக்ட்ரான் கைமாறித்தான் சாப்பாட்டு உப்பு உண்டாகிறது. பொட்டாசியத்தில் மட்டும் கவனம்: மூன்றாவது கூட்டில் 18 வரை இடம் இருக்கிறதே என்று 2, 8, 9 எழுதுவார்கள், சரியான விடை 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. இந்தக் கணக்கு அதோடு சரி, 21ஆவது தனிமமான ஸ்காண்டியத்தில் 2, 8, 9, 2 என்று மாறிவிடும். முதல் இருபதும் கைக்குப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.