கோயில் கொடைக்கு முன்னால் அடிக்கும் புகை: பொது இடக் கொசு ஒழிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த கொசு ஒழிப்புப் பணியாளர்களையும், ஊர் ஊருக்குத் தாங்களாகவே இறங்கி வேலை செய்கிற இளைஞர்களையும் இப்போது அதிகம் பார்க்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் கொசு வளரும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். பேருந்து நிலையம், சந்தை, கோயில் திடல் போன்ற இடங்களில் விவரம் தெரிந்தவர்களே சறுக்குவதை மட்டும் சொல்கிறேன்.

புகை அடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இவ்வளவு பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும் தவறு வேறு இல்லை.

பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஆனி மாதம், அம்மன் கோயில் கொடைவிழா. வில்லுப்பாட்டு தொடங்குவதற்குள் திடலில் கொசு இருக்கக் கூடாது என்று பிற்பகல் மூன்று மணிக்குப் புகை அடிக்கச் சொன்னார்கள். "அண்ணாச்சி, புகை நல்லா கெட்டியா வரணும், சனங்க பாக்கணும்லா" என்றார் விழாக்குழுக்காரர் ஒருவர். தரை கொதிக்கிற நேரம். சூடான காற்று மேலே எழும்பும்போது புகையும் கூடவே எழும்பிவிடும். மிச்சத்தை ஆனிக் காற்று பனைகளுக்கு மேலே தள்ளிக்கொண்டு போனது. ராத்திரி சாமக்கொடை பார்க்க உட்கார்ந்த பெண்களும் பிள்ளைகளும் விடிய விடியக் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

கொசுவைக் கொல்வது கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புகை அல்ல, டீசலில் கலந்த மருந்தின் நுண்துளி. அது பறக்கிற கொசுவின் மேல் பட வேண்டும். அந்த நேரம் எங்கேயோ நிழலில் ஒதுங்கியிருக்கும் கொசு பெரும்பாலும் தப்பிவிடும். தண்ணீருக்குள் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. சில நாளில் இறக்கையோடு வெளியே வரும்.

அதனால் நேரமும் காற்றும் முக்கியம். விடியற்காலையும் பொழுது சாய்கிற வேளையும்தான் புகை தரையோடு நிற்கும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அடிக்கவே கூடாது. அளக்கக் கருவி இல்லையா? வேப்பமரத்து இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடினால் மெஷினை எடுக்காதீர்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் பாதி நாள் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் கொடையில் கடித்தது கியூலெக்ஸ், சாக்கடையில் வளர்ந்து ராத்திரி கடிக்கிற கொசு. திடலுக்குப் பின்னாலேயே வாறுகால் (சாக்கடைக் கால்வாய்), எச்சில் இலையும் பிளாஸ்டிக் தம்ளரும் அடைத்துக் கறுப்பாக நின்றது. ஒரு கரண்டி மொண்டு பார்த்தால் முழுக்கப் புழு. நம் வெக்கையில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். கொடைக்குக் கால் நாட்டிய அன்றைக்கே நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கி அந்த வாறுகாலை ஓடவிட்டிருந்தால் புகைக்கே வேலை இருந்திருக்காது. டீசலுக்குக் காசு எடுத்துக்கொடுத்தவர்கள் இதற்கு ஆள் இல்லை என்றார்கள்.

புகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தெருவில் டெங்கு வந்துவிட்டால், கிருமியோடு பறக்கிற கொசுவை உடனே குறைக்க அது தேவை. அப்போதும் ஒரு கொடுமை நடக்கும்: புகை வண்டிச் சத்தம் கேட்டதும் கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிடுவார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் வீட்டுக்குள்தான், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணியிலும் ஒளிந்திருக்கிறது. சோறு, தண்ணீரை மூடிவைத்து, ஆட்கள் வெளியே வந்து, கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். புகைக்குப் பின்னால் ஓடும் பிள்ளைகளைத் தடுக்க ஓர் ஆளைத் தனியாக நிறுத்துங்கள்.

தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டுவது

ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் விளிம்புக்கு மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கவிழ்த்த பின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மாடு குடிக்கும் சிமெண்ட் தொட்டியை வாரம் ஒரு தடவை இப்படித் தேயுங்கள். தெருவோரம் தூக்கிப்போட்ட ஆட்டுரல் குழியை மண் போட்டு நிரப்புங்கள். நுங்கு வியாபாரி விட்டுப்போன காய்களில் குழிக்குக் குழி மழைத்தண்ணீர் நிற்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

மழை வரட்டும் என்று காத்திருப்பது

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியது கோடையில். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் குடம் குடமாகச் சேமிப்பதும் கொசுவுக்கு இடம்தான்.

ஆற்றைக் குறை சொல்வது

ஓடுகிற தாமிரபரணியில் புழு நிற்காது. ஓட்டம் குறைந்தபின் பாறை இடுக்கிலும் மணல் குழியிலும் தங்கிய தண்ணீரைப் பாருங்கள்.

பூங்காவில் பூச்சி கொல்லும் நீல விளக்கு மாட்டுவது

வேண்டாம். அதில் சாவது பெரும்பாலும் கொசு அல்லாத பூச்சிகள்.

கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனைக் குளத்தில் விடுவது

பாழடைந்த கிணற்றில், வேறு நீர்நிலையோடு சேராத தொட்டியில் விடலாம். குளத்தில் விட்டால் நம் ஊர் மீன் குஞ்சுகளையும் தவளை முட்டையையும் தின்று தீர்க்கும். பிறகு அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.